ஒன்னு ஓடும், ஒன்னு நிக்கும்

அனல்மின் நிலையத்துக் கண்ட்ரோல் ரூமில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவன் நான். நான் பார்த்துக்கொள்ளும் யூனிட்டிலிருந்து போகும் கரண்டில்தான் எங்கேயோ யார் வீட்டிலோ இட்லிக்கு மாவு அரைபடுகிறது என்கிற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. அந்த நினைப்பு கொஞ்சம் அதிகமாகவே உண்டு என்பாள் என் மனைவி. வீட்டில் பல்பு ஃபியூஸ் போனால்கூட ஸ்டூலில் ஏறும் முன் ஒரு சின்னப் பிரசங்கம் செய்துவிட்டுத்தான் ஏறுவேன். அப்படிப்பட்டவனை ஒரு செங்கல் அளவுப் பெட்டி மூன்றே நாளில் மண்ணைக் கவ்வ வைத்தது.

கதை என் மனைவியிடமிருந்து தொடங்குகிறது. அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. பக்கத்தில் இருக்கும் வடக்குத்துக் கிராமத்துக்காரி. நான் சிவகங்கைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவன். கல்யாணமாகி இந்தக் குவார்ட்டர்ஸுக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு எங்கே போவதென்றாலும் கம்பெனி பஸ், இல்லாவிட்டால் என் வண்டியின் பின் சீட்டு. அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஏன் தெரியாது என்பதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன், இப்போதே சொன்னால் நீங்கள் அவள் கட்சிக்குப் போய்விடுவீர்கள்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஒரு தீபாவளிக்கு வந்தபோது, லேப்டாப்பில் லாரி ஓட்டும் கேம் ஒன்றைப் போட்டுக் காட்டினாள். ஐரோப்பா முழுக்க ரோடு. சரக்கு ஏற்ற வேண்டும், சிக்னலில் நிற்க வேண்டும், மலை ஏற வேண்டும், சொன்ன ஊரில் கொண்டுபோய் இறக்க வேண்டும். முறுக்கு பிழிந்த கையோடு சும்மா எட்டிப் பார்த்தவள், "கொஞ்சம் இங்க குடு" என்று உட்கார்ந்தாள். மகள் ஊருக்குப் போகும்போது லேப்டாப்பை விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது.

கொஞ்ச நாளில் அதே கேமை ஆடும் தமிழ்க்காரர்கள் பதினோரு பேர் அவளுக்குப் பழக்கமானார்கள். முக்கால்வாசிப் பேர் காலேஜ் படிக்கிறவர்கள், எல்லோருக்கும் இவள் அக்கா. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பன்னிரண்டு லாரியும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டிப் போகும். அதற்குக் கான்வாய் என்று பெயர். முதல் லாரிதான் வேகத்தை முடிவு செய்யும், வழியையும் முடிவு செய்யும். அது நின்றுவிட்டால் அத்தனையும் நிற்கும். பழைய லேப்டாப் திணறித் திணறி ஓடியதால் என் மனைவியின் லாரி எப்போதும் கடைசி. ஒருநாள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வந்து சொன்னாள்.

"என்னாங்க, வர்ற மாசம் முதல் ஞாயித்துக்கெழமை என்னை முன்னாடி போவச் சொல்றாங்க. நல்ல கம்ப்யூட்டரு ஒன்னு இருந்தா போவேன்."

பொதுவாக அவள் எதையும் இரண்டு தடவை கேட்பவள் இல்லை. இதை அன்று சாயங்காலம் இன்னொரு தடவை கேட்டாள். அதனால் வாங்குவது என்று முடிவாயிற்று. மகள் தன் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வைத்திருந்த கிராபிக்ஸ் கார்டை கூரியரில் அனுப்பினாள். படம் காட்டுகிற வேலை முழுக்க அதனுடையது. மற்றதெல்லாம் மெயின் பஜார் கம்ப்யூட்டர் கடையில் எடுத்தாயிற்று. மிச்சம் இருந்தது பவர் சப்ளை ஒன்றுதான். சுவரிலிருந்து வரும் கரண்டை உள்ளே இருக்கும் சாமான்களுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி அது. எத்தனை வாட் கொடுக்கும் என்று அதன் மேலேயே எழுதியிருக்கும்.

"அவகிட்ட கேட்டு எத்தினி வாட்டுன்னு சொல்றேன்" என்று மனைவி போனை எடுத்தாள்.

நான் கையைத் தூக்கினேன். "வை போனை. கரண்ட் என் டிபார்ட்மெண்ட்."

அவள் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரிங்க" என்றாள். அந்தச் சரிங்கவை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

புதன்கிழமை ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். முன்பு டி.வி. ரிப்பேர் பார்த்தவர். கார்டின் பெயரைக் கேட்டதும் ஒரு பெரிய பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இதுக்கு எழுநூத்தம்பது வாட் போட்டுருங்க சார். ரொம்ப முடியலைன்னா அறுநூத்தம்பது. அதுக்குக் கீழ போகாதீங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்கே வாட் கணக்கா? சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து விரித்தேன். கார்டுக்கு இருநூற்றிருபது, பிராசஸருக்கு அறுபத்தைந்து, ஃபேன் அது இது என்று ஓர் ஐம்பது. ஆக மொத்தம் முந்நூற்று முப்பத்தைந்து.

"முந்நூத்தி முப்பத்தஞ்சுக்கு எழுநூத்தம்பதா? மலையைக் கெல்லி எலி பிடிக்கச் சொல்றீங்களே. நானூத்தம்பது போதும், தாராளம். ரெண்டு குடுங்க."

"ரெண்டு கம்ப்யூட்டரா சார்?"

"ஒரே கம்ப்யூட்டர்தான். ஒன்னு ஓடும், ஒன்னு நிக்கும்."

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். பிளாண்டில் முக்கியமான எதுவும் ஒற்றையாக இருக்காது. பாய்லருக்குத் தண்ணீர் தள்ளும் பம்ப் ஒன்று ஓடினால் பக்கத்திலேயே அதைப்போல் இன்னொன்று தயாராக நிற்கும். ஓடுவது படுத்துவிட்டால் நிற்பது கண் இமைக்கும் முன் எடுத்துக்கொள்ளும். ரன்னிங், ஸ்டாண்ட்பை. முப்பது வருஷம் இதையே பார்த்தவனுக்கு ஒற்றையாக எதைப் பார்த்தாலும் பயம் வந்துவிடும். எங்கள் பிளாக்கில் எந்த வீட்டுக்குப் போனாலும் இரண்டு மிக்ஸி, இரண்டு அயர்ன் பாக்ஸ், இரண்டு குக்கர் இருக்கும். என் வீட்டில் கத்தரிக்கோல்கூட இரண்டு.

"பெட்டிக்குள்ள ஒன்னுக்குத்தான் சார் இடம்" என்றார் கடைக்காரர்.

"தெரியும். இன்னொன்னு பீரோ மேல இருக்கும்."

இருபது வருஷமாக இந்த ஊரில் கடை வைத்திருப்பவர், எங்கள் ஆட்களை அவருக்குத் தெரியும். இரண்டை எடுத்து வைத்தார்.

குவார்ட்டர்ஸ் மாடிப்படிக்குக் கீழே மேல் வீட்டுக்காரர் எதிர்ப்பட்டார். எங்கள் பிளாண்டுக்கு நிலக்கரி எடுக்கும் மைன்ஸில் மண் வெட்டும் ராட்சத மெஷினை ஓட்டுபவர், என்னோடு அதே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர். என் இரண்டு கையிலும் ஒரே மாதிரி இரண்டு பெட்டியைப் பார்த்தார். இது என்ன, எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை.

"ஒன்னு ஸ்டாண்ட்பையா சார்?"

"ஆமா."

"அதான் கரெக்ட்டு" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

அன்றைக்கே மாட்டினேன். மனைவி டார்ச் பிடித்தாள். சுவிட்சைப் போட்டதும் உள்ளே நீலமும் சிவப்பும் எரிந்து ஃபேன் சுற்றியது. நான் மீசையைத் தடவிக்கொண்டு, பிளக்கில் ஒரு சின்ன வாட் மீட்டரை மாட்டி, பீரோ கதவில் ஒரு லாக் ஷீட்டையும் ஒட்டினேன். தேதி, நேரம், மீட்டர் ரீடிங், டிரிப் ஆனால் காரணம், கையெழுத்து. தலைப்புக்குக் கீழே ஒரு வரி காலியாக விட்டு எழுதத் தொடங்குவது என் வழக்கம்.

டிரிப் என்றால், ஓடிக்கொண்டிருக்கும் யூனிட் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பட்டென்று தானே நின்றுவிடுவது. ஆனபின் காரணம் எழுத வேண்டும். அங்கேதான் ஆபரேட்டரின் சாமர்த்தியம் இருக்கிறது. கேட்டால் நாங்கள் நிலக்கரி ஈரம் என்போம். மைன்ஸ்காரர்கள் மழை என்பார்கள். மழையைக் கூப்பிட்டு விசாரிக்க முடியாது. பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் 'ஆபரேட்டர் எர்ரர்' என்ற இரண்டு சொல்லை மட்டும் என் பேனா ஒருநாளும் எழுதியதில்லை. அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் ஞாயிற்றுக்கிழமை போகப்போகும் வழியில் ஒத்திகை பார்த்தாள். சமவெளியில் லாரி வெண்ணெய் மாதிரி ஓடியது. மலை ஏறத் தொடங்கியது. கேமுக்குள் மழை பிடித்தது. கண்ணாடியில் துளித் துளியாகத் தண்ணீர் வழிவதைப் பார்த்து, "அட, அசலா பெய்யிற மாதிரியே இருக்குது" என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, பட்டென்று எல்லாம் இருண்டது. ஃபேன் நின்றது.

"டிரிப்!" என்றேன். பழக்கதோஷம், வாயில் தானாக வந்துவிட்டது.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். சரி, இனி அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நீங்கள் அவள் கட்சிக்குப் போவதானால் போங்கள்.

கல்யாணமான புதிதில் என்னிடம் ஒரு மொபெட் இருந்தது. பிளாக்குக்குப் பின்னால் இருக்கும் கிரவுண்டில் அதை ஓட்டிப் பழகுகிறேன் என்று கேட்டாள். அப்போதும் இரண்டு தடவை கேட்டாள். மூன்றாம் நாள் சாயங்காலம் கைப்பிடி ஆடி, வண்டியோடு நேராக மருதாணி வேலிக்குள் போய் விழுந்தாள். நான் நாலு சிநேகிதர்களோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தேன், மேல் வீட்டுக்காரரும் அதில் ஒருவர். ஓடிப்போய்த் தூக்க வேண்டியவன் நின்ற இடத்திலிருந்தே கத்தினேன்: "டேய், யூனிட் டிரிப் ஆயிடுச்சுடா!" நாலு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்கப்புறம் பல மாதம் பால் பூத்தில், பஸ் ஸ்டாப்பில், எங்கே அவளைப் பார்த்தாலும் யாராவது ஒருத்தர் "என்னம்மா, டிரிப்பா?" என்று கேட்பார்கள். அவள் அன்று தானாக எழுந்து, புடவையில் ஒட்டிய இலையைத் தட்டிவிட்டு, சாவியை என் உள்ளங்கையில் வைத்தாள். அப்புறம் எந்த வண்டியையும் தொடவில்லை. "அவளுக்குப் பயம்" என்று இருபத்தெட்டு வருஷமாக எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். பயமில்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். பயம் என்று சொல்வது எனக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

லாக் ஷீட்டில் முதல் டிரிப்பை எழுதினேன். காரணம்: பிளக் லூஸ். பிளக்கை இறுக்கினேன். அரை மணி நேரத்தில் அதே மலை, அதே மழை, அதே இருட்டு. காரணம்: எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சரியில்லை. அதைத் தூக்கி எறிந்துவிட்டு நேராகச் சுவரில் மாட்டினேன். மறுபடியும் நின்றது. காரணம்: மகள் அனுப்பிய கார்டு பழசு. மீட்டரோ முந்நூற்று முப்பதைத் தாண்டவே இல்லை. நானூற்றைம்பது கொடுக்கும் பெட்டி, முந்நூற்று முப்பதுக்கு ஏன் படுக்க வேண்டும்? பெட்டியே கோளாறு என்று முடிவு கட்டினேன். அதற்குத்தானே ஸ்டாண்ட்பை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பீரோ மேலிருந்து அதைச் சகல மரியாதையோடு இறக்கினேன். பிளாண்டில் ஸ்டாண்ட்பை பம்ப் கண் இமைக்கும் முன் எடுத்துக்கொள்ளும் என்றேன் அல்லவா? இங்கே ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. எல்லாக் கேபிளையும் உருவி, எல்லாத் திருகாணியையும் கழற்றி, திரும்ப மாட்டினால் ஒரு திருகாணி குறைந்தது. மனைவி டார்ச்சை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றி மாற்றிப் பிடித்தாள். பிறகு உட்கார்ந்து ஓட்டினாள். மலை வந்தது, மழை வந்தது, பட்டென்று நின்றது.

"ஒன்னு ஓடும், ஒன்னு நிக்கும்னீங்க" என்றாள். "ரெண்டும் நிக்குதே."

நான் பேனாவை எடுத்துக் காரணம் எழுதினேன்: மழை. பின்னாலிருந்து எட்டிப் படித்தாள்.

"மழ கம்ப்யூட்டருக்குள்ளதானங்க பெய்யிது?"

நான் டீ கேட்டேன்.

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்குப் போனேன். என் ரீடிங் சீட்டைக் கடைக்காரர் முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"சார், உங்க மீட்டர் காட்டுறது சராசரி. மலை, மழைன்னு வேலை கூடும்போது இந்தக் கார்டு கண் சிமிட்டுற நேரத்துக்கும் கம்மியா ஒரு இழு இழுக்கும். ரெண்டு மடங்குகூட இழுக்கும். உங்க மீட்டர் அதைப் பாக்குறதுக்குள்ள முடிஞ்சுரும். ஆனா சப்ளை பாத்துரும். தாங்காதுன்னு தன்னால மூடிக்கும். உங்க ரெண்டு பெட்டியும் நல்ல பெட்டிதான்."

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அவர் சொன்னது எனக்குப் புதிது என்றால்கூடப் பரவாயில்லை. பெரிய மோட்டார் எதுவும் கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு இழுக்கும், அதற்கும் சேர்த்துத்தான் சப்ளை போட வேண்டும் என்பது என் தொழிலின் அரிச்சுவடி. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு மேஜையைத் தட்டித் தட்டிச் சொன்னவன் நான். இங்கே மட்டும் ஏன் விட்டேன்? பொம்மை லாரிதானே, பொம்மைக்கு எதற்கு அவ்வளவு என்று நினைத்தேன். அவள் கேட்டதைப் பொம்மை என்று நினைத்ததுதான் தப்பு, வாட் கணக்கெல்லாம் அப்புறம்.

"எழுநூத்தம்பது ஒன்னு குடுங்க" என்றேன்.

"நீங்க வேண்டாம்னு வச்ச பெட்டி நேத்துப் போயிருச்சு சார். அறுநூத்தம்பதும் இல்ல. திங்கட்கிழமை புதுச்சேரியிலேர்ந்து சரக்கு வரும்."

கான்வாய் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. நான் ஸ்கூட்டரை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்தேன். கார்டு பழுது, மகள் சரியாகப் பார்க்காமல் அனுப்பிவிட்டாள். எனக்குப் பொய் நன்றாக வரும், ஏற்கெனவே லாக் ஷீட்டில் மூன்றாம் வரியில் பாதி எழுதியும் வைத்திருந்தேன். அவள் நம்பிவிடுவாள். கான்வாயில் வேறு யாரோ முன்னால் போவார்கள். என் டிபார்ட்மெண்டுக்கு ஒரு பங்கமும் வராது.

வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அதை ஆன் செய்யவில்லை. கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஊர்ப் பெயர்களை வரிசையாக எழுதிக்கொண்டிருந்தாள். எங்கே வளைவு, எங்கே டீசல், எங்கே பின்னால் வருகிறவர்களுக்காக நிற்க வேண்டும், எந்தப் பையனுக்கு இறக்கத்தில் பிரேக் பிடிக்க வராது என்பது வரை குறித்திருந்தாள். ஆறு தாள். என்னைப் பார்த்ததும் அவற்றை அடுக்கி ஓரமாக வைத்துவிட்டு, "சாப்பாடு எடுத்து வெக்கவா?" என்றாள்.

அந்தப் பொய்யும் அங்கேயே டிரிப் ஆகிவிட்டது. நான் பீரோவுக்குப் போய், பேனாவை எடுத்து, 'மழை' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டுப் பக்கத்தில் 'ஆபரேட்டர் எர்ரர்' என்று எழுதினேன். மேலே இருந்த மூன்று காரணத்தையும் அடித்தேன்.

"தப்பு என்னோடது" என்றேன். "கடைக்காரர் அன்னைக்கே சொன்னார், நான்தான் கேக்கல. பெட்டி பத்தாது. புதுசு திங்கட்கிழமைதான் வரும். நாளைக்கு உன்னால முன்னாடி போக முடியாது."

அவள் எழுந்து வந்து படித்தாள். நிதானமாகப் படித்தாள்.

"தலைப்புக்குக் கீழ ஒரு வரி காலியா இருக்குதே" என்றாள். "அதுலயும் ஒரு டிரிப்பு எழுத வேண்டியது இருக்குது இல்ல?"

எந்த டிரிப் என்று நான் கேட்கவில்லை. தேதி ஞாபகமில்லை, அதனால் வருஷத்தை மட்டும் போட்டேன். இடம், பின்பக்கத்து கிரவுண்டு. மெஷின், மொபெட். காரணம் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. ஆபரேட்டர் எர்ரர் என்று எழுதினால் வண்டியை ஓட்டியவள் மேல் பழி விழும். கொஞ்சம் யோசித்து, 'பக்கத்தில் நின்ற ஆள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை எழுதும்போது எனக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது. இருபத்தெட்டு வருஷம் என்பது ஒரு மனுஷன் மன்னிப்புக் கேட்க எடுத்துக்கொள்ளும் நேரமா?

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். சமையலறைக்குப் போனாள். பரணுக்குக் கீழ்த் தட்டில் எங்கள் வீட்டு ஸ்டாண்ட்பை குக்கர் இருக்கும், பெரியது, விருந்தாளிகள் வந்தால் மட்டும் இறங்குவது. அதை இறக்கி மூடியைத் திறந்து, பழைய துண்டில் சுற்றிய ஒன்றை எடுத்து வந்து என் கையில் வைத்தாள். கனமாக இருந்தது. துண்டைப் பிரித்தேன். எழுநூற்றைம்பது வாட்.

"ரெண்டு டப்பாவத் தூக்கிகினு வந்து நின்னீங்களே, அன்னிக்கே உங்க பொண்ணுகிட்ட சொல்லி ஆர்டர் போட்டுட்டேன். நேத்துக் காலைல நீங்க ஷிப்ட்டுல இருந்தப்ப வந்துடுச்சு" என்றாள். "ஸ்டாண்ட்பை."

"அடிப்பாவி! நேத்தே வந்துடுச்சா? அப்புறம் மத்தியானம் என்னை ஒன்னேகால் மணி நேரம் கழட்டி மாட்ட விட்டியே, பக்கத்துல நின்னு டார்ச் வேற பிடிச்சியே!"

"கரண்ட்டு உங்க டிபார்ட்மெண்ட்டாச்சே. நான் எப்பிடிங்க குறுக்க வர்றது?"

"நான் இதை எழுதாமலே இருந்திருந்தா?"

"நாளைக்குக் காலைல நானே மாட்டிகினு ஓட்டியிருப்பேன். உங்களுக்காக பதினோரு லாரிய நிறுத்துவனா? ஆனா அந்தப் பேப்பர அப்பிடியே உட்டு வெச்சிருப்பேன். கம்ப்யூட்டருக்குள்ள பெஞ்ச மழைல கரண்ட்டு போச்சுன்னு வர்றவங்க போறவங்க படிக்கட்டும்னு."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்புதான். அவளும் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. பிறகு அவள் மாட்டினாள், நான் டார்ச் பிடித்தேன். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. காணாமல் போன திருகாணி என் செருப்புக்கடியில் ஒட்டிக்கொண்டிருந்ததையும் அவள்தான் கண்டுபிடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கான்வாய் கிளம்பியது. முன்னால் என் மனைவி, பின்னால் பதினோரு லாரி. நான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு மீட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மேல் வீட்டுக்காரர் கையில் டீ கிளாஸோடு வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார். மலை வந்தது. மழை பிடித்தது. புதுப் பெட்டியின் மேல் என்ன நம்பிக்கை இருந்தாலும் மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. ஹெட்போனில் யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும். "எனக்குத் தெரியும்ப்பா, பயப்படாத. என் பின் லைட்டப் பாத்துகினே வா" என்றாள் அவள். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. பதற்றம் இல்லை, அவசரம் இல்லை, எங்கள் ஷிப்ட் இன்சார்ஜ் பேசுவதைப் போல இருந்தது. ஒவ்வொரு வளைவாக ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, பன்னிரண்டரை மணிக்குப் பன்னிரண்டு லாரியும் போய்ச் சேர்ந்தன. நான் லாக் ஷீட்டில் 'நார்மல்' என்று எழுதினேன்.

சாப்பிட்டுப் படுத்து எழுந்தபோது மணி நாலு. அவள் சுடிதாரில் வந்து நின்று கையை நீட்டினாள்.

"ஸ்கூட்டர் சாவி குடுங்க."

சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே நடந்தேன்.

அதே கிரவுண்டு. மருதாணி வேலியும் அதே இடத்தில், முன்னைவிட அடர்த்தியாக. மேல் வீட்டுக்காரர் பால்கனியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் துணியை விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் ஸ்டார்ட் செய்தாள். ஒரு சுற்று ஒழுங்காகப் போனாள். இரண்டாவது சுற்றில் கைப்பிடி ஆடியது, வண்டி நேராக வேலியைப் பார்த்துப் போய் மருதாணிக்குள் சாய்ந்தது.

பால்கனியில் அவர் முகம் மலர்ந்தது. இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய அந்தச் சொல் அவர் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. "என்னா சார், யூனிட்டு..." என்று தொடங்கினார்.

"மழை வருது! துணியை எடுங்க!" என்று கத்தினேன்.

வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. ஆனாலும் மைன்ஸ்காரர் இல்லையா, மழை என்றதும் அண்ணாந்து பார்த்தார். அந்த நேரத்துக்குள் நான் வேலியை நோக்கி ஓடினேன். இந்தத் தடவை ஓடினேன். மூச்சு வாங்க அவள் பக்கத்தில் போய் வண்டியைப் பிடித்தேன்.

"தூக்காதீங்க" என்றாள். தலையில் ஒரு மருதாணி இலை ஒட்டியிருந்தது. தானே எழுந்து, தானே வண்டியை நிமிர்த்தி, ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தாள். நான் இன்னும் கைப்பிடியை விடாமல் நிற்பதைப் பார்த்தாள்.

"தள்ளி நில்லுங்க. ரோடு என் டிபார்ட்மெண்ட்டு."